மாமாவின் சட்டையைத் தின்ற நிரல்

கல்யாண வீட்டில் சாம்பாருக்கு உப்பு மறந்துபோனால் மன்னிப்பு உண்டு. மேளக்காரர் நேரத்துக்கு வராவிட்டால்கூட மன்னிப்பு உண்டு. தாய்மாமனை மதிக்காமல் விட்டால் மட்டும் கிடையாது. பேரப்பிள்ளை எடுத்த பிறகும் சொல்லிக் காட்டுவார்கள். என் அக்கா கல்யாணத்தில் நான் தாய்மாமனை மதிக்காமல் விடவில்லை. கழுத்துக்குக் கீழே அவரை அழித்துவிட்டேன். அதுவும் இருபது அடி பேனரில், ஊரே பார்க்க.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. இன்ஜினியரிங் முடித்து, ஒரு கம்பெனி ‘கூப்பிடுகிறோம்’ என்று சொன்னதை நம்பி ஆரணி வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அப்பாவுக்கு இரண்டு பட்டுத்தறி. அவரும் அம்மாவும் வேலை செய்ய, நான் மட்டும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் நன்றாகவா இருக்கும்? அதனால் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சும்மா இல்லை. படங்களை வெட்ட, ஒட்ட, வெளிச்சம் கூட்ட, நிறம் மாற்ற உதவும் ஒரு திறந்த மூல நூலகத்தில் தன்னார்வலராகச் சேர்ந்திருந்தேன். நூலகம் என்றால் புத்தகம் இல்லை, நிரல்களின், அதாவது கம்ப்யூட்டர் புரோகிராம்களின் தொகுப்பு. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், யார் வேண்டுமானாலும் கைகொடுக்கலாம். (‘எங்க நித்யா லைப்ரரில வேல செய்யுது’ என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லிவைக்க, எதிர்வீட்டு அக்கா வாரப் பத்திரிகை கேட்டு வந்துவிட்டார்.)

அந்த நூலகத்தோடு நாற்பது மாதிரி நிரல்கள் சேர்ந்து வரும். ஒன்று படத்தின் ஓரங்களைக் கோடாக வரையும், ஒன்று மங்கல் படத்தைத் துலக்கும். ஒவ்வொன்றும் என்ன செய்யும், எப்படி ஓட்டுவது, எந்த எண்ணை மாற்றினால் என்ன ஆகும் என்று விளக்கம் எழுதுவது என் பொறுப்பு. நிரல் எழுதியவர்கள் எல்லாரும் கில்லாடிகள். விளக்கம் எழுதச் சொன்னால் மட்டும் திருவிழாக் கூட்டத்தில் தொலைந்த மாதிரி காணாமல் போய்விடுவார்கள். அதனால்தான் எனக்கு இடம் கிடைத்தது.

நான் எழுதிய விதத்தை இப்போது நினைத்தால் காது சூடாகிறது. சோதித்துப் பார்க்க ஒரு கிளிப் படம் கூடவே கொடுத்திருந்தார்கள். பச்சைக்கிளி, பின்னால் நீலச்சுவர். எந்த நிரலை ஓட்டினாலும் அந்தக் கிளி சமர்த்தாக வேலை செய்துவிடும். உடனே பக்கத்தை எழுதி அனுப்பிவிடுவேன். ‘எளிதாக’, ‘தானாகவே’, ‘எல்லாப் படங்களுக்கும்’ ஆகிய மூன்று சொற்களை எடுத்துவிட்டால் என் பக்கங்களில் முற்றுப்புள்ளிதான் மிஞ்சும்.

பதினேழாவது நிரல் பின்னணி நீக்கி. படத்தின் மூலையில் என்ன நிறம் இருக்கிறதோ அதுதான் பின்னணி என்று எடுத்துக்கொண்டு, அந்த நிறம் இருக்கும் இடத்தையெல்லாம் அழித்துக் கண்ணாடி மாதிரி ஆக்கிவிடும். ஆளை மட்டும் வெட்டி எடுத்து வேறொரு படத்தில் ஒட்டிக்கொள்ளலாம். அதில் டாலரன்ஸ் என்று ஓர் எண் உண்டு. சகிப்புத்தன்மை என்று அர்த்தம். மூலையின் நிறத்துக்கு எவ்வளவு கிட்டத்தில் இருக்கும் நிறங்களையும் சேர்த்து அழிக்கலாம் என்று அந்த எண் சொல்லும். யாரும் எதுவும் தராவிட்டால் நிரலே முப்பது என்று வைத்துக்கொள்ளும். நான் எழுதினேன்: ‘முப்பது என்பது எல்லாப் படங்களுக்கும் போதுமானது. மாற்றத் தேவையில்லை.’

எங்கள் பக்கங்களைச் சரிபார்ப்பவர் மார்த்தா. ஏதோ ஒரு பனிநாட்டில் இருக்கிறார். சிரிப்புக்குறிகூடப் போடமாட்டார். அந்த வரிக்குக் கீழே, ‘எல்லாப் படங்களுக்கும் என்கிறீர்களே, கிளியைத் தவிர வேறு எதிலாவது ஓட்டிப் பார்த்தீர்களா?’ என்று கேட்டிருந்தார்.

எனக்குச் சுருக்கென்றது. சரியான நேரத்தில் அக்கா கல்யாணம் வந்தது.

அக்கா காயத்ரிக்குக் கலசப்பாக்கத்தில் மாப்பிள்ளை. கல்யாணம் ஆரணியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து மண்டபத்தில். வாசலில் பேனர் வைக்க ஃப்ளெக்ஸ் கடை சேகர் அண்ணனிடம் கேட்டோம். “முகூர்த்த சீசன் நித்யா. இருபத்திரண்டு போட்டோவ ஒவ்வொண்ணா கட் பண்ணணும்னா நாலு நாள் ஆவும்” என்றார்.

“நானே கட் பண்ணித் தரேன் அண்ணா. அஞ்சு நிமிஷம்” என்றேன். அம்மா என்னைப் பெருமையோடு பார்த்தார். (அம்மா அப்படிப் பார்த்தது அந்த வாரத்தில் அதுதான் கடைசி.)

சொன்னபடி ஐந்தே நிமிடம். இருபத்திரண்டு படங்களையும் ஒரு ஃபோல்டரில் போட்டு நிரலை ஓட்டி, ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். அச்சு அசலாக இருந்தது. குறிப்பாக மாமா படம். மாமா என்றால் அம்மாவின் அண்ணன், சந்தவாசலில் உரக்கடை வைத்திருப்பவர். பெயர் தட்சிணாமூர்த்தி. வாழ்நாளில் வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி தவிர வேறு எதையும் உடம்பில் போட்டதில்லை. இதற்கென்றே ஸ்டூடியோவுக்குப் போய், வெள்ளைத் திரைக்கு முன்னால் கும்பிட்டபடி நின்று எடுத்து அனுப்பியிருந்தார்.

அம்மா திரையில் பார்த்துவிட்டு, “அண்ணன் எவ்ளோ லட்சணமா கீறாரு பாரு. அவரு படம் மட்டும் ஆளுயரத்துக்கு இருக்கட்டும்டி. பொண்ணு பக்கத்துலயே வெக்கச் சொல்லு. எதனா கொறஞ்சா பேஜாராயிடும்” என்றார். மாமாவின் சகிப்புத்தன்மை சுத்தமாகப் பூஜ்யம் என்பது குடும்பத்துக்கே தெரியும். என் காதுகுத்தில் பாயசம் இரண்டாவது பந்தியில்தான் வந்தது என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

படங்களைச் சேகர் அண்ணனுக்கு அனுப்பினேன். மார்த்தாவுக்கும் கம்பீரமாகப் பதில் போட்டேன்: ‘இருபத்திரண்டு உண்மையான படங்களில் ஓட்டிப் பார்த்துவிட்டேன். எல்லாமே கச்சிதம்.’ அவரும் நம்பி என் பக்கத்தைச் சேர்த்துக்கொண்டார். உலகத்தில் யார் அந்த நிரலைத் திறந்தாலும் இனி என் வரிதான்: முப்பது போதும்.

மறுநாள் சேகர் அண்ணன் போன் செய்தார். நான் அக்காவோடு பிளவுஸ் வாங்கத் தையல்கடையில் நின்றிருந்தேன்.

“நித்யா, எல்லாம் செட் பண்ணிட்டேன். அந்தத் தாய்மாமன்தான் கொஞ்சம் ஒரு மாதிரியா கீறாரு…”

“அவர் எப்பவுமே ஒரு மாதிரிதான் அண்ணா. நீங்க போடுங்க.”

“இல்லமா, நான் இன்னா சொல்றன்னா…”

“அண்ணா, எல்லாம் ஃபைனல். ஜல்தி பிரிண்ட் போடுங்க.”

வரவேற்பு நாள் மாலை. உள்ளே நான் அக்காவின் ஜடையில் பூ வைத்துக்கொண்டிருந்தேன். சேகர் அண்ணனின் ஆட்கள் ஐந்தரைக்கு வந்து பேனரைக் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள். எங்கள் வீட்டில் யாரும் வெளியே வந்து பார்க்கவில்லை. ஆறு மணிக்கு மாமாவின் சீர்வரிசை வந்தது. தெருமுனையில் வேனை நிறுத்தி, இருபத்தோரு தட்டு, மேளம், நாதஸ்வரம், முன்னால் மாமா. மாப்பிள்ளை வீட்டார் வாசலில் வரிசையாக நின்று வரவேற்கக் காத்திருந்தார்கள்.

மேளச் சத்தம் நெருங்கி வந்தது. வாசலுக்கு வந்ததும் நின்றுவிட்டது. அம்மாவும் நானும் ஆரத்தித் தட்டோடு வெளியே ஓடினோம்.

மாமா பேனரைப் பார்த்தபடி நின்றிருந்தார். நானும் பார்த்தேன்.

கருஞ்சிவப்புப் பின்னணி. நடுவில் மணமக்கள். சுற்றிலும் உறவுகள், எல்லாரும் முழுசாக. அக்காவுக்குப் பக்கத்தில் ஆளுயரத்தில் மாமாவின் தலை. தலை மட்டும். அதற்குக் கீழே, அந்தரத்தில், கும்பிட்ட இரண்டு கைகள். ஒரு கைக்கடிகாரம். சட்டைப்பை இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பேனா. இன்னும் கீழே வேட்டியின் பச்சைக்கரை ஒற்றைக்கோடாக இறங்கி இரண்டு செருப்புகளில் முடிந்தது. உடம்பு இருக்கவேண்டிய இடத்தில், சேகர் அண்ணன் அழகுக்காகப் பின்னணியில் போட்டிருந்த மயில் தோகை விரித்து ஆடிக்கொண்டிருந்தது. எல்லாவற்றுக்கும் கீழே கொட்டை எழுத்தில்: ‘தாய்மாமன்’.

எனக்கு ஒரு நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது. வெள்ளைத் திரை, வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. நிரலுக்கு எது சுவர், எது மாமா என்று எப்படித் தெரியும்? மொத்தத்தையும் அழித்திருக்கிறது. என் லேப்டாப்பில் படம் திறக்கும் ஜன்னலின் பின்புறமும் வெள்ளை. அதனால் அழிந்த இடம் வெள்ளையாகத் தெரிந்து, சட்டை போட்ட மாதிரியே இருந்திருக்கிறது. நாங்கள் லட்சணம் என்று மெச்சிய சட்டை அங்கே இல்லவே இல்லை.

மாமா மெதுவாகத் திரும்பினார்.

“இன்னா தங்கச்சி, தலைய மட்டுந்தான் கூப்டீங்களா? அப்போ தலைய மட்டும் உள்ள அனுப்பட்டுமா?”

“அண்ணா, அது… எங்கியோ தப்பாயிட்ச்சி…” என்றார் அம்மா.

“மாப்ள வூட்டுக்காரங்க பாத்துகினு கீறாங்க. உடம்பு இல்லாதவன் சீர் கொணாந்தா எவன் வாங்குவான்? ஏய், தட்ட எல்லாம் வேன்ல ஏத்துங்க!”

இருபத்தோரு தட்டும் அப்படியே திரும்பின. மேளக்காரர், மறுபடி வாசிப்பதா வேண்டாமா என்று தெரியாமல், நடுவில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு நிறுத்தினார். ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்த அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். விடிந்தால் அக்காவை மணையில் உட்காரவைக்க வேண்டியவர் மாமா. அவர் போய்விட்டால் அந்தக் கல்யாணம் நடந்தாலும் நடந்த மாதிரி இருக்காது.

சேகர் அண்ணன் மேல் பழி போட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது (உண்மையைச் சொல்கிறேன், இரண்டு கணம்). அதற்குள் கால்கள் மணமகள் அறைக்கு ஓடி லேப்டாப்பை எடுத்துக்கொண்டு தெருமுனைக்கு ஓடின. பட்டுப்புடவை தடுக்கி ஒரு செருப்பை நடுவழியில் விட்டுவிட்டேன். மாமா வேனில் ஏற ஒரு காலைத் தூக்கியிருந்தார்.

“மாமா! நான்தான் பண்ணேன். வேற யாரும் இல்ல. ரெண்டு நிமிஷம் இதப் பாத்துட்டு அப்புறம் போங்க.”

லேப்டாப்பை வேனின் பானெட் மேல் வைத்தேன். முதலில் ஸ்டூடியோ படத்தைக் காட்டினேன். முழு மாமா. பிறகு ஜன்னலின் பின்புறத்தைப் பச்சையாக மாற்றிவிட்டு, நிரலை முப்பதில் ஓட்டினேன். சட்டை, வேட்டி இரண்டும் மாயம்.

“முப்பதுங்கிற நம்பர் போட்டதால இப்டி ஆயிட்ச்சி மாமா. இப்ப மூணு போடறேன்.”

சட்டை வந்தது. வேட்டி வந்தது. மாமா தூக்கிய காலைக் கீழே வைத்தார்.

“அம்பது போடு.”

போட்டேன். நெற்றி விபூதி போனது, நரைமுடி போனது, பல் போனது.

“தொண்ணூறு?”

முகமே போய்விட்டது. மையடித்த மீசையும் கைக்கடிகாரப் பட்டையும் மட்டும் பச்சைவெளியில் மிதந்தன. மாமாவின் மனைவி, எங்கள் அத்தை, தட்டில் இருந்த தேங்காய் உருளும் அளவுக்குச் சிரித்தார். “வேற கலர்ல ஒரு சட்ட போடுய்யான்னு எத்தினி வருசமா கத்திகினு கீறேன். இப்ப கம்ப்யூட்டரே சொல்லிட்ச்சி!”

மாமா சிரிக்கவில்லை. ஆனால் முகத்தில் கோபத்தின் இடத்தை வேறு ஏதோ பிடித்திருந்தது. உரக்கடைக் கல்லாவில் உட்காரும்போது வரும் முகம்.

“இது களைக்கொல்லி கதைடி. அளவா அடிச்சா களை மட்டும் சாவும். கண்ட அளவுல அடிச்சா பயிரும் சேந்து பூடும். அதுக்குத்தான் டப்பா மேல அளவு எழுதிகீது. எந்தப் பயிருக்கு எவ்ளோ, எதுக்கு அடிக்கவே கூடாதுன்னு. இந்த டப்பால எழுதலியா?”

“எழுதிகீது மாமா. முப்பது எல்லாத்துக்கும் போதும்னு எழுதிகீது.”

“எவன் அப்டி எழுதனவன்? என் கடைல இப்டி ஒரு டப்பா வந்தா கம்பெனிக்காரன வரவழைச்சி நாலு கேள்வி கேப்பேன். யாரு அவன்?”

நான் என் ஒற்றைச் செருப்பைப் பார்த்தேன்.

“நான்தான் மாமா எழுதினேன்.”

மாமாவின் தோள் குலுங்கியது. முதலில் அழுகிறார் என்று பயந்துவிட்டேன். அந்த மனிதர் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை. அதனால் அடையாளம் தெரியவில்லை. பானெட்டைத் தட்டித் தட்டிச் சிரித்தார். “டப்பாவும் நீதான், மருந்தும் நீதான், செத்தது நானா!”

அப்போதுதான் அப்பா வந்து சேர்ந்தார். அதிகம் பேசாத மனிதர். பேனரைப் பார்த்தார், மாமாவை மேலும் கீழும் பார்த்தார், தறியில் பாவு நூல் அளக்கிற மாதிரி.

“மச்சான், பைல இன்னொரு வேட்டி சட்ட கீதா?”

“காலைல முகூர்த்தத்துக்கு வெச்சிகீறேன் மாப்ள. ஏன்?”

“குடுங்க.”

அப்பா வாசலுக்குத் திரும்பி, மண்டபத்து ஏணியைப் பேனர் பக்கத்தில் போட்டு ஏறினார். இஸ்திரி போட்ட சட்டையைப் பேனரில் மாமாவின் கழுத்துக்குக் கீழே பிடித்தார். அச்சு அசலாகப் பொருந்தியது; ஆளுயரம் வேண்டும் என்று அம்மா கேட்டது வீண்போகவில்லை. நடுவில் இரண்டு பட்டன்களைக் கழற்றி, கும்பிட்ட கைகளை அந்த வழியாகத் தெரியவைத்தார். சட்டையின் கைகளை முழங்கை மாதிரி மடித்தார். “ஊக்கு” என்றார். கல்யாண மண்டபத்தில் ஊக்குக்குப் பஞ்சமா? எங்கள் வீட்டுப் பெண்கள், மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் எல்லாரும் தங்கள் புடவையிலிருந்து கழற்றிக் கழற்றிக் கொடுத்தார்கள். வேட்டியைக் கொசுவி, அச்சிட்ட பச்சைக்கரை மேலேயே நிஜக்கரை விழும்படி குத்தினார். கடைசியில் பேனாவை என்ன செய்வது என்று யோசித்தவர், தன் பேனாவை எடுத்து அந்தச் சட்டைப்பையில் செருகினார்.

காற்று வீசியது. பேனரில் எல்லாரும் தட்டையாக நிற்க, மாமாவின் வேட்டி மட்டும் படபடத்தது.

மாமா கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தார். இடப்பக்கம் போய்ப் பார்த்தார். “மத்தவங்க எல்லாம் படம். நான் மட்டும் நெஜம்” என்றார். பிறகு மேளக்காரரைப் பார்த்து, “இன்னா வேடிக்க? வாசிங்க!” என்று ஓர் அதட்டல் போட்டார்.

இருபத்தோரு தட்டும் மறுபடி இறங்கின. அன்று மாலை மணமக்களோடு படம் எடுத்துக்கொள்ள நின்ற வரிசையைவிட, வாசலில் வேட்டி பறக்கும் மாமாவோடு செல்ஃபி எடுத்த வரிசை நீளம். மாமா பேனருக்குப் பக்கத்திலேயே அதே மாதிரி கும்பிட்டபடி நின்று ஒவ்வொருவருக்கும், “இது நம்ம பொண்ணு கம்ப்யூட்டர்ல பண்ணது” என்று விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். எந்தப் பந்தியில் பாயசம் வந்தது என்பதையே கவனிக்கவில்லை. காலையில் முகூர்த்தத்துக்கு, ஊக்குக் குத்திய ஓட்டைகளோடு அதே சட்டையைப் போட்டுக்கொண்டு மணையருகே கம்பீரமாக நின்றார்.

கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் மார்த்தாவுக்கு எழுதினேன். ‘எல்லாமே கச்சிதம் என்று நான் சொன்னது தவறு. முடிவுகளை வெள்ளைப் பின்னணியில் மட்டுமே பார்த்தேன். ஒருவரின் உடம்பு அழிந்துவிட்டது.’ பேனர் படத்தையும் இணைத்தேன். அனுப்பிவிட்டு, என்னை நீக்கிவிட்டார்கள் என்ற பதிலுக்காக நகம் கடித்துக் காத்திருந்தேன்.

பதில் வந்தது. அந்தப் பெண்மணியின் முதல் சிரிப்புக்குறி, ஒன்றல்ல, ஒரு வரி முழுக்க. கீழே: ‘இந்த நூலகத்துக்கு இதுவரை வந்த பிழை அறிக்கைகளிலேயே சிறந்தது இதுதான். பக்கத்தை நீங்களே திருத்தி எழுதுங்கள். இந்த மனிதரின் அசல் படத்தையும் கிளியோடு சோதனைப் படமாகச் சேர்க்க அவர் சம்மதிப்பாரா?’

பக்கத்தைத் திருத்தி எழுதினேன். எந்த மாதிரிப் படத்துக்கு எந்த அளவு, எந்தப் படத்துக்கு இந்த நிரலே ஆகாது, முடிவை ஏன் வெள்ளையல்லாத பின்னணியில் வைத்துப் பார்க்கவேண்டும் என்று மருந்து டப்பா மாதிரி வரிவரியாக. மற்ற பதினாறு பக்கங்களிலும் போய் ‘எளிதாக’வைப் பிடுங்கி எறிந்தேன். ஒவ்வொரு நிரலையும் வீட்டில் கிடைத்த அத்தனை படங்களிலும் ஓட்டிப் பார்த்தேன். மூன்றில் எனக்கு முன்னால் யாரும் கவனிக்காத பிழைகள் இருந்தன.

மாமாவிடம் சம்மதம் கேட்கச் சந்தவாசல் போனேன். உரக்கடை லெட்டர்பேடில் அவரே கைப்பட எழுதிக் கொடுத்தார்: ‘என் படத்தை உலகத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஆனால் முழுதாகப் பயன்படுத்தவேண்டும்.’ கையெழுத்து, தேதி, கடை முத்திரை. மார்த்தா அதை மொழிபெயர்க்கச் சொல்லி, உரிமக் கோப்பிலேயே சேர்த்துவிட்டார்.

இப்போது நூலகத்தோடு கிளிக்குப் பக்கத்தில் மாமா படமும் வருகிறது. சென்னையில் எனக்கு வேலை கொடுத்த கம்பெனியின் நேர்முகத்தில், “அந்த வெள்ளைச் சட்டைக்காரர் பக்கம் நீங்க எழுதினதா?” என்றுதான் முதல் கேள்வியே. குடும்பத்தில் யாராவது விசேஷத்துக்கு வராமல் போனால், “அவருக்கு முப்பது போட்டுட்டாங்க” என்பார்கள். புதிதாக வந்த மருமகன்களும் ஒரே வாரத்தில் கற்றுக்கொள்கிறார்கள்.

போன மாதம் வெளிநாட்டுக்காரர் ஒருவர் அந்த நிரலை இரண்டு மடங்கு வேகமாக்கி அனுப்பியிருந்தார். புத்திசாலித்தனமான வேலை. மார்த்தா அதை மாமா படத்தில் ஓட்டிவிட்டு, கீழே ஒரே வரி போட்டிருந்தார்: ‘மாமாவின் இடது சட்டைக்கை காணவில்லை. சேர்க்க முடியாது.’ ‘மாமா’ என்றே எழுதியிருந்தார்.

உடனே சந்தவாசலுக்குப் போன் போட்டேன். மாமா முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

“எந்தக் கை?”

“இடது கை மாமா. முழங்கைக்கு மேல.”

“உம். சின்னப் புள்ளையா இருப்பான், திட்டாதீங்க. அளவு பாத்து இன்னொரு தபா போடச் சொல்லு” என்றார். போனை வைக்கப் போனவர் நிறுத்தி, பக்கத்தில் இருந்த யாரிடமோ சொல்வது எனக்குக் கேட்டது: “ஒண்ணும் இல்லப்பா, ஆபீஸ் கால். வெளிநாட்டு வேல ஒண்ணு நம்மளால நிக்குது.”